அப்பாவை ‘ஹி’ என்று சொல்லலாமா?

ஆங்கிலத்தில் பிழை என்றதும் பலரும் வினைச்சொல்லின் காலத்தையும் எழுத்துக்கூட்டலையும்தான் முதலில் நினைக்கிறார்கள். வடசென்னையின் தண்டையார்பேட்டையில் மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கும், துறைமுகத்தை ஒட்டிய கிடங்குகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கும் ஆங்கிலம் சொல்லித்தரும் எனக்கு, அவர்களை அதிகமாகச் சிக்க வைப்பவை பிரதிப்பெயர்களே என்று படுகிறது. ஐ, வி, யூ, ஹி, ஷி, இட், தே என்று ஒன்றாம் வகுப்பிலேயே மனப்பாடமாகிவிடும் சின்னஞ்சிறு சொற்கள்தான். ஆனால் பட்டம் வாங்கிக்கொண்டு நேர்காணலுக்குப் போகிறவர்களும் இவற்றில்தான் தடுமாறுகிறார்கள். இந்தத் தடுமாற்றத்தைக் கவனக்குறைவு என்று சொல்லிச் சிவப்பு மையால் அடித்துவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. இப்பிழைகளில் பெரும்பாலானவை, தமிழின் இலக்கணத்தை அப்பழுக்கில்லாமல் அறிந்தவர்கள் அதை அப்படியே ஆங்கிலத்திலும் கடைப்பிடிப்பதால் வருபவை. ஆகவே தமிழ் எங்கே நிற்கிறது, ஆங்கிலம் எங்கே விலகிப் போகிறது என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் அவை தீரும் என்பது என் உறுதியான எண்ணம்.

மரியாதையிலிருந்தே தொடங்கலாம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தந்தையைப் பற்றி எழுதிய பத்தியில், ‘மை ஃபாதர் ஒர்க்ஸ் இன் தி ஹார்பர். தே கோ டு ஒர்க் அட் ஃபைவ்’ என்றிருந்தது. ‘தே’ என்றால் யார் யார் என்று கேட்டேன். “அப்பா மட்டுந்தான் மிஸ்” என்றாள். பிறகு தயங்கிக்கொண்டே, “அப்பாவைப் போயி எப்டி மிஸ் ‘ஹி’ன்னு எழுதறது? ‘அவன்’னு சொல்ற மாதிரி இருக்குது” என்றாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்று சொல்வது அநியாயம். ஒருமைக்குரிய இடத்தில் பன்மையைப் போட்டு உயர்வு காட்டுவது தமிழின் பழைய வழக்கம். ‘அவர்’ என்பதே அடிப்படையில் பலர்பால் சொல்தான். ஒருவரைப் பன்மையால் குறிப்பது வழக்கில் வரும் உயர்சொல்லே தவிர இலக்கண நெறி அன்று என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே பிரித்துச் சொல்லிவிட்டது. அந்தச் சிறுமி செய்ததும் அதையேதான்: பன்மையால் தந்தையை உயர்த்தினாள்.

அவளுக்கு நான் சொன்ன விளக்கம் இது. ஆங்கிலத்தின் ‘ஹி’ நம்முடைய ‘அவன்’ அன்று, ‘அவர்’ என்பதும் அன்று. அது ஆண் ஒருவர் என்பதை மட்டுமே காட்டும். மதிப்பையும் காட்டாது, மதிப்பின்மையையும் காட்டாது. 2022இல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற திரௌபதி முர்முவும் ஆங்கிலச் செய்தித்தாளில் ‘ஷி’தான், தெருவில் பாண்டி ஆடும் சிறுமியும் ‘ஷி’தான். ஆங்கிலத்தில் மரியாதை பிரதிப்பெயரில் இல்லை. பெயருக்கு முன்னால் வைக்கும் மிஸ்டர், மிஸ், டாக்டர் போன்ற அடைகளிலும், ‘சார்’, ‘மேடம்’ என்னும் விளிகளிலும், ‘குட் யூ’, ‘மே ஐ’ என்று கேட்கும் பாங்கிலும் இருக்கிறது. அப்பாவை ‘ஹி’ என்று எழுதினால் மரியாதை குறையாது. ‘தே’ என்று எழுதினால் படிப்பவருக்குத் துறைமுகத்துக்குப் போவது எத்தனை பேர் என்ற குழப்பம்தான் வரும்.

இதே கூச்சம் ‘யூ’ என்ற சொல்லிலும் உண்டு. தலைமையாசிரியரிடம் போய் ‘யூ’ என்று சொல்ல வாய் வராமல், “சார் இஸ் கமிங் டுமாரோ, சார்?” என்று அவரிடமே அவரைப் படர்க்கையில் வைத்துக் கேட்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஆங்கிலத்தின் வரலாற்றைச் சொன்னால் முகம் தெளிந்துவிடுகிறது. ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் நீ, நீங்கள் என்ற இரண்டும் இருந்தன. ‘தௌ’ என்பது நீ. ‘யூ’ என்பது பலரைக் குறித்த சொல், பிறகு நம்மைப் போலவே ஒருவரை மதித்துச் சொல்லவும் பயன்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் ‘தௌ’ பொதுப் பேச்சிலிருந்து நழுவத் தொடங்கி, வழிபாட்டிலும் கவிதையிலும் சில வட்டார வழக்குகளிலும் மட்டும் தங்கியது. எஞ்சி நின்றது ‘நீங்கள்’தான். ஒரே ஒருவரிடம் பேசும்போதும் ‘யூ ஆர்’ என்று பன்மை வினை வருவதற்குக் காரணமும் அதுவே. நாமும் ஒருவரிடம் ‘நீங்கள் வருகிறீர்கள்’ என்றுதானே சொல்கிறோம்? யாரிடமும் அஞ்சாமல் ‘யூ’ என்று சொல்லலாம்.

‘அவர்’ இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. டாக்டர் வந்தார், அவர் ஊசி போட்டார் என்று தமிழில் எழுதினால், டாக்டர் ஆணா பெண்ணா என்று சொல்லவேண்டிய தேவையே எழுவதில்லை. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எடுக்காமல் பழகிய மாணவர் கைக்கு வந்ததை எழுதுகிறார், ஒரே பத்தியில் டாக்டர் ‘ஹி’ ஆகவும் ‘ஷி’ ஆகவும் மாறிமாறி வருகிறார். எங்கள் பகுதிப் பேச்சுவழக்கில் இதற்கு இன்னொரு கிளையும் உண்டு. ‘பொண்ணு வந்துச்சு’, ‘பாப்பா தூங்குது’ என்று பெண்பிள்ளைகளையும் குழந்தைகளையும் பாசத்தோடு அஃறிணை வினையில் சொல்வது இங்கே வெகு இயல்பு. அதை நினைவில் வைத்துத் தங்கையைப் பற்றி ‘இட் இஸ் ஸ்டடியிங் இன் ஃபோர்த் ஸ்டாண்டர்ட்’ என்று எழுதுகிறான் அண்ணன். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் வடசென்னையில் ஏராளம். தெலுங்கில் ‘அவள் வந்தாள்’ என்பதற்கும் ‘அது வந்தது’ என்பதற்கும் வினைமுற்று ஒன்றே என்பதால் அவர்களுக்கும் இந்த இடம் வழுக்குகிறது. பிறந்த குழந்தையை, ஆணா பெண்ணா என்று தெரியாதபோது, ஆங்கிலத்திலும் ‘இட்’ என்று சொல்வதுண்டு. பள்ளிக்குப் போகும் தங்கையை அப்படிச் சொல்ல முடியாது.

ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரை என்ன செய்வது? ‘மாணவர் ஒருவர் வராவிட்டால் அவர் கடிதம் தர வேண்டும்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது நெடுங்காலம் ‘ஹி’ என்றே எழுதிவந்தார்கள். ஆண்பாற் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று இங்கிலாந்தில் 1850இல் சட்டமே வந்தது. நம் நாட்டின் 1897ஆம் ஆண்டுப் பொதுச் சொற்கூறுகள் சட்டத்தின் 13ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் ஒருவரையே ‘தே’ என்று குறிக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் இருக்கிறது. பிற்கால இலக்கண ஆசிரியர்கள் பலர் அதைத் தவறு என்று ஒதுக்கினார்கள். இப்போது அது மதிப்போடு திரும்பிவந்து, 2019ஆம் ஆண்டின் சொல்லாகவே மெரியம்-வெப்ஸ்டர் அகராதியால் தேர்ந்தெடுக்கப்பட்டது. தமிழருக்கு இதில் புரியாத புதுமை எதுவும் இல்லை. பன்மைச் சொல் ஒன்று ஒருமைக்கு வந்து பால் காட்டாமல் நிற்பது என்றால் அது நம்முடைய ‘அவர்’ தவிர வேறென்ன? ‘அவர் வந்தார்’ என்பதில் வினை பலர்பால் விகுதியோடு வருவதைப் போலவே, அங்கும் ஒருவருக்கு ‘தே ஆர்’ என்றுதான் எழுத வேண்டும். திருநங்கை ஒருவரைப் பற்றி எழுதும்போது ‘ஷி’ என்று எழுதுவதே முறை; தம்மை ‘தே’ என்று குறிப்பிடச் சொல்பவரை அப்படியே குறிப்பிட வேண்டும். இதில் என் வகுப்பில் விவாதத்துக்கு இடமில்லை. ஆக, அந்த ஏழாம் வகுப்புச் சிறுமியின் ‘தே’ முழுக்க அந்நியமான கற்பனை அன்று. தந்தை என்று தெரிந்துவிட்ட ஒருவருக்கு மரியாதைக்காக அது வராது என்பதுதான் அவள் அறியவேண்டிய வேறுபாடு.

உடன்பிறந்தோர் யாரும் இல்லாத பிள்ளையும் தமிழில் ‘எங்க அம்மா’ என்றுதான் சொல்லும். அதனால் ‘அவர் மதர் இஸ் எ டெய்லர்’ என்று வருகிறது (இந்த ‘அவர்’ தமிழ்ச் சொல் அன்று, ‘எங்கள்’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்). ஆங்கிலத்தில் ‘மை மதர்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் மதர்’ என்றால் கேட்பவர், பக்கத்தில் அண்ணனோ தங்கையோ நிற்கிறார்களா என்று பார்ப்பார். நாம், நாங்கள் என்ற அருமையான வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘வி ஆர் கோயிங் டு தி பீச்’ என்றால் கேட்பவரும் அதில் சேர்த்தியா இல்லையா என்பது அந்த வாக்கியத்தில் தெரியாது. வேண்டுமென்றால் ‘ஆல் ஆஃப் அஸ்’ என்றோ ‘யூ ஆர் கமிங் டூ’ என்றோ தனியாகச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, என் அனுபவத்தில் வேலைக்குப் போகும் இளைஞர்களை மிகுதியாகப் பாதிப்பது. தமிழில் வினைமுற்றுக்குள்ளேயே ஆள் இருக்கிறார். ‘வந்தேன்’ என்றால் போதும், ‘நான்’ வேண்டாம்; இதைத் தோன்றா எழுவாய் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். செயப்படுபொருளையும் நாம் தாராளமாக விட்டுவிடுகிறோம். கொரியர் கிடங்கில் வேலை செய்யும் ஒரு தம்பியிடம், பார்சலை வாடிக்கையாளரிடம் கொடுத்தாயா என்று மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் கேட்கிறார். மனத்தில் எழும் விடை ‘கொடுத்துட்டேன்’. வாயில் வருவது “கேவ் சார்”. நம்மூர் மேற்பார்வையாளருக்கு இது புரியும். அதே பதில் வெளிநாட்டுக் கப்பல் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் போனால், யார் கொடுத்தார், எதைக் கொடுத்தார், யாரிடம் கொடுத்தார் என்று மூன்று கேள்விகள் திரும்பி வரும். ‘ஐ கேவ் இட் டு ஹிம்’ என்று அந்த மூன்றையும் மூன்று பிரதிப்பெயர்களாக வெளியே எடுத்து வைப்பதே ஆங்கிலத்தின் முறை. ஆங்கிலத்தில் தோன்றா எழுவாய் அடிக்கடி வருவது ‘கம்’, ‘சிட்’ போன்ற ஏவலில்தான். மழைக்குக்கூட எழுவாய் வேண்டும்: கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் நாளில் விடுப்புக் கேட்டு, “இஸ் ரெய்னிங் சார்” என்று போனில் சொல்பவர்கள், ‘இட் இஸ் ரெய்னிங்’ என்று சொல்லிப் பழக வேண்டும். அந்த ‘இட்’ எதைக் குறிக்கிறது என்று கேட்பார்கள். எதையும் குறிக்கவில்லை, எழுவாய் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கக் கூடாது என்பதற்காகவே அங்கே நிற்கிறது. மணி, கிழமை, தூரம் எல்லாவற்றுக்கும் இதே ‘இட்’தான்.

ஐ, மீ குழப்பத்தில் தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பது என் வருத்தம். பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களும் வேற்றுமைக்கேற்ப உருமாறின. இன்று அந்த மாற்றம் பெரும்பாலும் பிரதிப்பெயர்களில்தான் மிச்சமிருக்கிறது. நமக்கோ நான் என்பது என்னை, எனக்கு, என்னால் என்று திரிவது தாய்ப்பாலோடு வந்தது. ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். ‘உனக்கும் எனக்கும் நடுவில்’ என்று தமிழில் சொல்லிப்பாருங்கள். ‘நான்’ வரவில்லை, எனவே ‘ஐ’யும் வராது, ‘பிட்வீன் யூ அண்ட் மீ’தான். ‘ரவியும் நானும் போனோம்’ என்பதில் நான் இருக்கிறது, எனவே ‘ரவி அண்ட் ஐ வென்ட்’. இந்தச் சோதனை முக்கியமாக ஓரிடத்தில் ஏமாற்றும். பசி, விருப்பம், அறிவு, தேவை ஆகியவற்றைத் தமிழ் நான்காம் வேற்றுமையில் சொல்கிறது: எனக்குப் பசிக்கிறது, எனக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும். இவை நான்கும் ஆங்கிலத்தில் ‘ஐ’ என்றே தொடங்கும். இந்த விலக்கை முதலிலேயே சொல்லிவிட்டால் சோதனையை நம்பிப் பயன்படுத்தலாம்.

நேர்காணலில் ‘மைசெல்ஃப் குமார்’ என்று தொடங்குவது எப்படியோ தமிழ்நாடு முழுக்கப் பரவிவிட்டது. ‘ஐ ஆம் குமார்’ என்பதே சரி. ‘செல்ஃப்’ சேர்ந்த சொற்கள், செய்தவரும் அதன் பயனைப் பெற்றவரும் ஒருவரே ஆகும்போதும், ‘நானே செய்தேன்’ என்று அழுத்திச் சொல்லும்போதும் வருபவை. தமிழில் முதல் வேலையைப் பெரும்பாலும் செய்வது ‘கொள்’ என்னும் துணைவினை. நம் வடசென்னைப் பேச்சில் அது ‘கினு’ ஆகி, எல்லா வினைக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவதால், எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தருவது எளிது. ‘சுட்டுக்கினான்’ என்றால் ‘ஹி பர்ண்ட் ஹிம்செல்ஃப்’. ஆனால் உடல் உறுப்போ உடையோ வந்தால் ஆங்கிலம் ‘செல்ஃப்’பை விட்டு உடைமைச் சொல்லுக்குப் போய்விடும். ‘தலை வாரிக்கினா’ என்பதில் அவளுடைய தலை என்று நாம் சொல்வதில்லை, வினையே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஷி கோம்ப்ட் ஹர் ஹேர்’ என்று ‘ஹர்’ வந்தே ஆக வேண்டும். கையைக் கழுவினேன், சட்டையைப் போட்டுக்கினேன் எல்லாமே அப்படித்தான்: ‘மை ஹாண்ட்ஸ்’, ‘மை ஷர்ட்’. அந்த ‘ஹிஸ்’, ‘ஹர்’ இரண்டும் உடையவரைப் பார்த்து வருபவை, உடைமைப் பொருளைப் பார்த்து அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘ஹி லவ்ஸ் ஹர் மதர்’ என்று எழுதிவிட்டால் அவன் நேசிப்பது வேறொரு பெண்ணின் தாயை.

உயர்திணை, அஃறிணை தெரிந்தவருக்கு ‘ஹூ’, ‘விச்’ வேறுபாடு ஒரு நிமிடத்து வேலை: யார் வரும் இடத்தில் ‘ஹூ’, எது வரும் இடத்தில் ‘விச்’. கப்பல் ஒரு விதிவிலக்காக இருந்தது. காசிமேட்டில் நிற்கும் விசைப்படகுக்கு அம்மன் பெயரையே வைத்தாலும் தமிழில் அது ‘அது’தான், ஆங்கிலேயர்களோ கப்பலை ‘ஷி’ என்பார்கள். லண்டனின் பழைய கப்பல் செய்தி ஏடான லாயிட்ஸ் லிஸ்ட் 2002இல் அதை விட்டு ‘இட்’டுக்கு மாறியது. கடினமானது வேறு இடம். தமிழில் ‘நான் புத்தகம் கொடுத்த பையன்’ என்று பெயரெச்சத்தில் முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது, அந்தப் பையனுக்குக் கொடுத்தேன் என்பது எங்கே போயிற்று என்று மனம் தேடி, ‘தி பாய் ஹூ ஐ கேவ் தி புக் டு ஹிம்’ என்று கடைசியில் ஒரு ‘ஹிம்’மைச் சேர்த்துவிடுகிறது. ‘ஹூ’ என்பதே அந்தப் பையன். ஒரே ஆளை இரண்டு முறை எண்ணக் கூடாது. ‘மை பிரதர் ஹி இஸ் ஒர்க்கிங்’ என்பதும் இதே வகைதான். அப்பாஸ்ட்ரஃபி போட்ட ‘இட்ஸ்’ என்பது ‘இட் இஸ்’, ‘இட் ஹாஸ்’ ஆகியவற்றின் சுருக்கம். ‘அதனுடைய’ என்ற பொருளில் வருவதற்கு அப்பாஸ்ட்ரஃபி கிடையாது, ‘யுவர்ஸ்’, ‘ஹர்ஸ்’, ‘தெயர்ஸ்’ எதற்கும் இல்லாததைப் போலவே.

எல்லாவற்றையும்விட நான் அதிக நேரம் செலவிடுவது, எந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்பதில். தமிழில் ‘தன்’, ‘தம்’ இருக்கின்றன. ‘அப்பா தம் அட்டை தொலைந்துவிட்டதாக அதிகாரியிடம் சொன்னார்’ என்றால் அட்டை அப்பாவுடையது; ‘அவர் அட்டை’ என்றால் பெரும்பாலும் வேறொருவருடையது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஹிஸ்’ ஒன்றே. குடும்ப அட்டை தொலைந்ததற்காக மனு எழுதிக்கொண்டு வந்த மாணவர் ஒருவரின் தாளில், ‘மை ஃபாதர் டோல்ட் தி ஆஃபீசர் தட் ஹிஸ் கார்ட் வாஸ் லாஸ்ட் அண்ட் ஹி டிட் நாட் கிவ் ஹிம் எனி ரிசீப்ட்’ என்று இருந்தது. தொலைந்தது யாருடைய அட்டை, ரசீது தராதவர் யார், பெறாதவர் யார் என்று மூன்று இடங்களில் படிப்பவர் ஊகிக்க வேண்டும். ஒவ்வொரு பிரதிப்பெயரையும் வட்டமிட்டு, அது குறிக்கும் பெயருக்குப் பென்சிலால் ஒரு கோடு இழுக்கச் சொன்னேன். இரண்டு பெயர்களுக்குக் கோடு போகக்கூடிய இடங்களில் பிரதிப்பெயரை அடித்துவிட்டுப் பெயரையே எழுதினோம்: ‘மை ஃபாதர் லாஸ்ட் ஹிஸ் கார்ட். ஹி டோல்ட் தி ஆஃபீசர் அபௌட் இட், பட் தி ஆஃபீசர் டிட் நாட் கிவ் ஹிம் எனி ரிசீப்ட்.’ ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடை கெட்டுவிடுமே என்று அந்த மாணவர் தயங்கினார். கட்டுரையில் அந்தத் தயக்கம் நியாயம். மனுவில் ‘ஆஃபீசர்’ நான்கு இடங்களில் வர வேண்டுமானால் நான்கு இடங்களிலும் எழுதுங்கள் என்று சொல்லி, அப்படியே சுத்தப் பிரதி எடுக்க வைத்தேன்.